விமானத்தில் ஆறு ஜி-யில் நினைவு தப்பியது, அதன் பிறகு நடந்தவை

கலிஃபோர்னியாவில் சின்னச் சின்ன விமான நிலையங்களில் பணம் கட்டினால், குட்டிக்கரணம் போடும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். பிறந்தநாளுக்கு இந்தப் பயணச் சீட்டைப் பரிசாகக் கொடுப்பது இங்கே சகஜம். எனக்கும் நாற்பதாவது பிறந்தநாளுக்கு அலுவலக நண்பர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தார்கள். அந்தப் பயணத்தில் எனக்கு நினைவு தப்பியது. வானத்தில் அது ஒரு நிமிட விஷயம்தான். ஆனால் அதை மருத்துவமனையில் விளக்கத் தெரியாமல் வலிப்பு நோயாளி என்ற சந்தேகத்தில் மாட்டி, கார் ஓட்ட முடியாமல் தவித்து, நாலாயிரம் டாலருக்கு மேல் செலவழித்து வெளியே வந்தேன். மனைவியும் பிள்ளைகளும் அப்போது மதுரையில் இருந்தார்கள். எல்லாவற்றையும் தனியாகவே பார்த்தேன். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் இதில் பாதிகூட நடந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஏப்ரல் மாதம், மலைகள் இன்னும் பச்சையாக இருந்த ஒரு சனிக்கிழமை. ஃப்ரீமாண்டிலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனேன். வாந்தி வரக்கூடும், எதுவும் சாப்பிடாமல் வாருங்கள் என்று அவர்களே மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். அதன்படி காலையில் அரை டம்ளர் காபியோடு சரி. விமானம் எக்ஸ்ட்ரா 300. இரண்டே இருக்கை, பயணி முன்னால், விமானி பின்னால். அமெரிக்க விதிப்படி பயணியோடு இப்படிச் சாகசம் செய்தால் இருவரும் பாராசூட் மாட்டியிருக்க வேண்டும். ஆகவே பாராசூட்டை எப்படி மாட்டுவது, கண்ணாடிக் கூரையை எப்படித் திறப்பது, குதித்த பிறகு எதை இழுப்பது என்று இருபது நிமிடம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அநேகமாக யாருக்கும் தேவைப்படாத விஷயத்துக்கு இருபது நிமிடம். அந்தப் பயணத்தில் நிச்சயம் நடக்கப்போகிற ஜி விசைக்கு, அதாவது விமானம் வளையும்போது உடம்பை இருக்கையில் அழுத்தும் விசைக்கு (ஒரு ஜி என்பது நம் சாதாரண எடை, ஆறு ஜி என்றால் அதைப் போல ஆறு மடங்கு), ஒரே ஒரு வாக்கியம்: “காலை இறுக்கிப் பிடியுங்கள், கண் மங்கினால் சொல்லுங்கள்.” எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் இதில்தான். எப்போது இறுக்குவது, எவ்வளவு நேரம், மூச்சை என்ன செய்வது, எதுவும் சொல்லவில்லை. ஜி ஏறும்போது வாயைத் திறந்து பேசினால் பிடித்து வைத்த மூச்சு போய்விடும் என்பதுகூட எனக்குத் தெரியாது.

முதல் வளையம் நான்கு ஜி. விமானம் மூக்கைத் தூக்கியதும் யாரோ தோளில் கை வைத்து அழுத்திய மாதிரி ஆரம்பித்து, இருக்கைக்குள்ளேயே புதைந்துவிட்டேன். என் எடை 72 கிலோ. நான்கு ஜி-யில் அது 288 கிலோ. தொடையில் கிடந்த கையைத் தூக்க முடியவில்லை. கன்னம் கீழே தொங்கியது, மூக்குக்கண்ணாடி சரிந்து உதட்டில் வந்து நின்றது. (கண்ணாடி போடுகிறவர்கள் தலைக்குப் பின்னால் கட்டும் பட்டை வாங்கிப் போங்கள்.) பார்வை ஓரத்தில் லேசாக மங்கியது, உடனே தெளிந்தது. உண்மையில் அந்த நேரம் மகிழ்ச்சியாக இருந்தேன். அப்புறம் செங்குத்தாக ஏறி நின்று திரும்புவது, உருள்வது என்று சில. பிறகு விமானத்தைத் தலைகீழாகப் புரட்டி அப்படியே கொஞ்ச நேரம் பறந்தார். பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தேன், ரத்தமெல்லாம் முகத்தில், தரையில் கிடந்த தூசி கூரைப் பக்கம் போனது. அந்த நிலையிலிருந்தே விமானியின் குரல், “இதோ இழுக்கிறேன்.” தலைகீழ் நிலையிலிருந்து நேராகத் தரையை நோக்கி வளைந்து இறங்கும் அரை வளையம்.

இந்த முறை மங்கல் மெதுவாக வரவில்லை. முதலில் நிறம் போனது. கீழே இருந்த பச்சை மலையும் கருவிப் பலகையில் இருந்த சிவப்புக் கோடும் ஒரே சாம்பல் நிறமாயின. அடுத்து ஓரங்கள் உள்ளே சுருங்கி வந்தன. நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் மிச்சம், அதில் விமானத்தின் மூக்கு. அதுவும் அணைந்தது. கண் திறந்துதான் இருக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது, இமைக்கவும் செய்தேன், ஆனால் ஒன்றுமே இல்லை. முழு இருட்டு. எஞ்சின் சத்தம் தெளிவாகக் கேட்டது. ‘கண்ணு போச்சு’ என்று தமிழில் நினைத்தது ஞாபகம் இருக்கிறது. பயப்பட நேரமிருக்கவில்லை. வலி எதுவும் கிடையாது. இதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு கேட்ட எல்லோருமே “வலித்ததா?” என்றுதான் கேட்டார்கள்.

அதன் பிறகு நான் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். நல்ல வெயில். கையில் ஒரு பெட்டி, அதை நகர்த்த முடியவில்லை. பஸ் பலகையில் எழுதியிருந்த ஊர்ப் பெயரைப் படிக்க முயன்றுகொண்டே இருந்தேன். வெகுநேரம் அங்கே இருந்ததாகத் தோன்றியது. எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்தது, அது எஞ்சின் என்பது புரியவில்லை. உதடும் விரல்களும் மரமரத்தன. எதிரே நீலமாக என்னவோ. நான் யார் என்பது தெரிந்தது, எங்கே இருக்கிறேன் என்பது தெரியவில்லை. விமானி ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப ஏதோ கேட்கிறார். மொழி புரிகிறது, பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. கடைசியில் “நன்றாக இருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை” என்றேன். மயங்கவே இல்லை என்று உறுதியாக நம்பித்தான் சொன்னேன்.

விமானத்துக்குள் இருந்த கேமரா எடுத்த காணொளியைத் தரையில் காட்டியபோதுதான் உடம்பு வெலவெலத்தது. தலை மார்பில் சாய்கிறது. கண் பாதி திறந்திருக்கிறது. முகம் வெளுத்துவிட்டது. பத்து வினாடிக்கு மேல் அப்படியே. விமானம் நேராகி ஜி குறைந்த பிறகு இரண்டு கையும் வெட்டி வெட்டி இழுக்கின்றன, தோள் துள்ளுகிறது. பிறகு தலையை நிமிர்த்தி வெறித்துப் பார்க்கிறேன். அந்த முகத்தில் நான் இல்லை. என் பிள்ளைகள் இதைப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. இப்படி மயங்குகிறவர்களில் பலருக்கு மயங்கியதே நினைவிருக்காது, கை கால் துள்ளுவதும் குட்டிக் கனவு வருவதும் சாதாரணம் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. அமெரிக்க விமான மருத்துவர் ஜேம்ஸ் வின்னரி, மையவிலக்கு இயந்திரத்தில் (ஆளை வேகமாகச் சுற்றி ஜி விசையைத் தரையிலேயே உண்டாக்குவது) மயங்கிய வீரர்களை வைத்து இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். சராசரியாக 12 வினாடி முழு மயக்கம், அதற்கப்புறம் ஏறக்குறைய அதே அளவு நேரம் ஒன்றும் புரியாத குழப்பம். எனக்கும் கிட்டத்தட்ட இதேதான்.

ஏன் இப்படி ஆகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். வீட்டில் மோட்டார் போட்டு மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறோம். மோட்டார் அதேதான், ஆனால் வீடு மட்டும் திடீரென்று ஆறு மடங்கு உயரமானால் தண்ணீர் மாடிக்குப் போகாது. இதயத்திலிருந்து கண் சுமார் 30 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு ரத்தத்தை ஏற்ற ஒவ்வொரு ஜி-க்கும் 22 மி.மீ. பாதரசம் அளவு அழுத்தம் செலவாகிறது. இதயம் சராசரியாகத் தருவது 100-ஐ ஒட்டி. நாலரை ஜி-யில் கணக்கு முடிந்துவிடும். விழிக்குள்ளே ஏற்கெனவே 15 மி.மீ. வரை எதிர் அழுத்தம் இருப்பதால் மூளைக்கு முன்பே விழித்திரைக்கு ரத்தம் நின்றுவிடுகிறது. அதனால்தான் நினைவு இருக்கும்போதே பார்வை போகிறது. ஜி மெதுவாக ஏறினால் சாம்பல், இருட்டு, மயக்கம் என்று வரிசையாக வரும், எச்சரிக்கை கிடைக்கும். சட்டென்று ஏறினால் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனில் நான்கைந்து வினாடி ஓடும், பிறகு எந்த அறிவிப்பும் இல்லாமல் விளக்கணையும்.

என் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அதை விளக்கியவர் என் மனைவியின் சித்தப்பா. விமானப்படையில் போர் விமானம் ஓட்டி ஓய்வு பெற்று, இப்போது தாம்பரம் பக்கம் இருக்கிறார். பெங்களூரில் விமானப்படையின் மருத்துவ நிறுவனத்தில் இருக்கும் மையவிலக்கில் சுற்றியவர். வாட்ஸ்அப்பில் காணொளியைப் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டார். “மாப்பிள்ளை, இழுக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் தலைகீழா வெச்சிருந்தான்?” என்று கேட்டார். “பத்து வினாடி இருக்கும் மாமா” என்றேன். “அதான். தலைகீழா இருந்தா உடம்பு ரத்தம் அதிகமாயிடுச்சுன்னு நினைச்சு நாடியைக் குறைக்கும், குழாயைத் தளர்த்தும். அந்த நேரம் பார்த்து இழுத்தா நாலு ஜி தாங்குறவன் மூணுலேயே போயிடுவான். பழகுனவனுக்கே ஆபத்து, புது ஆளுக்கு அதைச் செய்யவே கூடாது.” அப்புறம் கேட்டார், “மூச்சை என்ன பண்ணீங்க?” என்ன பண்ணினேன் என்றே எனக்குத் தெரியவில்லை. “விட்டுட்டீங்க. வீடியோவுல வாய் திறந்திருக்கு பாருங்க.”

அவர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன். விமானி இழுக்கப் போகிறேன் என்று சொன்னதுமே, ஜி வருவதற்கு முன்பே, கெண்டைக்கால், தொடை, பிட்டம், வயிறு எல்லாவற்றையும் முழு பலத்தோடு இறுக்க வேண்டும். ஜி வந்த பிறகு இறுக்கினால் ரத்தம் ஏற்கெனவே காலுக்குப் போயிருக்கும், திரும்ப ஏற்றுவது கஷ்டம். நிறைய மூச்சை இழுத்து, தொண்டையை மூடி, முக்குகிற மாதிரி நெஞ்சில் அழுத்தம் கொடுக்க வேண்டும். மூன்று வினாடிக்கு ஒரு தடவை கொஞ்சமே கொஞ்சம் மூச்சை விட்டு, உடனே இழுத்து மறுபடி மூட வேண்டும். இந்த மாற்றம் ஒரு வினாடிக்குள் நடக்க வேண்டும். காலைத் தளர்த்தவே கூடாது. தலையை முதலிலேயே இருக்கையில் ஒட்டி வைத்துவிட வேண்டும், ஏனென்றால் 5 கிலோ தலை ஆறு ஜி-யில் 30 கிலோ. எனக்குக் கழுத்து இரண்டு வாரத்துக்குத் திரும்பவில்லை. இதைச் சரியாகச் செய்கிறவர்கள் கூடுதலாக மூன்று ஜி வரை தாங்குகிறார்கள். விமானப்படையினர் போடும் காற்றடைத்த ஜி-உடையால் கிடைப்பது ஒன்று, ஒன்றரை ஜி மட்டுமே. உடையைவிட உடம்பின் முயற்சிதான் பெரிது. ஆனால் இதை வீட்டில் தனியாக முழு பலத்தோடு பழகிப் பார்க்காதீர்கள், அதிலேயே தலை சுற்றி விழலாம். இதய நோய், குடலிறக்கம், கண் அறுவை சிகிச்சை இருக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

மயங்குவது பலவீனத்தின் அடையாளம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்கக் கடற்படையின் புளூ ஏஞ்சல்ஸ் சாகசக் குழு விமானி ஒருவர் 2007இல் இறந்த விபத்துக்கும் விசாரணையில் சொல்லப்பட்ட காரணம் ஜி விசைதான். உடை காற்றடைத்து உப்பினால் தொடையில் வைத்திருக்கும் கை அசையும் என்பதால் அந்தக் குழு ஜி-உடை போடுவதில்லை. 2016இல் அரிசோனாவில் எஃப்-16 போர் விமானம் ஓட்டிக்கொண்டிருந்த பயிற்சி விமானி எட்டு ஜி-க்கு மேல் இழுத்து மயங்கினார். விமானம் தரையை நோக்கிப் பாய்ந்தது. தரைமோதலைத் தடுக்கும் தானியங்கிக் கருவி தானே விமானத்தைத் தூக்கியதால் பிழைத்தார். எனக்குப் பின்னால் விழிப்போடு ஒரு விமானி இருந்தார். இயக்குகிற கைக்கு ஜி எப்போது வரும் என்று தெரியும், உடம்பு தானாகத் தயாராகிவிடும். பயணிக்கு அது கிடையாது. பயணி முதலில் மயங்குவதில் வியப்பில்லை.

இனித் தரையில் நடந்தது. அன்று மாலை வரை தலைவலியும் குமட்டலும் நிற்கவில்லை. முன்கையில் கொசு கடித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள். அழுத்தத்தில் நுண்குழாய்கள் உடைந்து வருவது அது, சில நாளில் போய்விடும். காப்பீட்டு நிறுவனத்தின் செவிலியர் எண்ணுக்குக் கூப்பிட்டேன், அவசர சிகிச்சைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே வாசலில் இருந்த அம்மா கேட்ட கேள்விகள்: நினைவு தப்பியதா? ஆமாம். கை கால் இழுத்ததா? ஆமாம். எழுந்த பிறகு குழப்பம்? ஆமாம். விமானம், ஜி என்று நான் சொன்னதை அந்த அம்மா காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. வலிப்பாக இருக்கலாம் என்று கோப்பில் ஏறிவிட்டது. அந்த ஒரு வரி என்னை ஆட்டிப்படைத்தது. சிடி, ரத்தப் பரிசோதனை, ஈசிஜி. அடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காத்திருப்பு, இஇஜி (மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை), எம்ஆர்ஐ. முடிவு தெரியும் வரை கார் ஓட்டக் கூடாது என்றார்கள். நினைவு தப்பும் நோய் என்று மருத்துவர் கண்டறிந்தால் அதைச் சுகாதார அதிகாரிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பது கலிஃபோர்னியாவில் சட்டம், அங்கிருந்து அது ஓட்டுநர் உரிமத் துறைக்குப் போகும். எனக்கும் கடிதம் வந்தது. மருத்துவர் நிரப்பித் தர வேண்டிய படிவம் ஒன்று இணைப்பில் இருந்தது.

அந்த வாரங்களில் மனம் எப்படி இருந்தது என்று சொல்லாமல் விட முடியாது. உண்மையிலேயே எனக்கு வலிப்பு இருக்கிறதோ, விமானம் அதை வெளியே கொண்டுவந்ததோ என்ற பயம். இரவில் தூக்கத்தில் கை துள்ளினால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். மனைவியிடம் முதலில் சொல்லவில்லை, அங்கே இருந்து பதறுவாள் என்று. சித்தப்பாவுக்கு அனுப்பிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அழுதாள், திட்டினாள், விடுமுறையைக் குறைத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டாள்.

நரம்பியல் மருத்துவர் நல்லவர். காணொளியை முழுதாகப் பார்த்தார், இரண்டு முறை. முதலில் முகம் வெளுத்து உடம்பு தளர்ந்திருக்கிறது, இழுப்பு பிறகுதான் வந்திருக்கிறது, அதுவும் சில வினாடி, நாக்கு கடிபடவில்லை, அரை நிமிடத்தில் தெளிவு. மூளைக்கு ரத்தம் குறைந்தால் வரும் சாதாரண மயக்கத்திலும் இப்படிக் கை துள்ளும், இது வலிப்பு இல்லை என்று எழுதினார். இதய மருத்துவர் ஒரு முறை பார்த்தார். நான் ரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிடும் மாத்திரை நாடித் துடிப்பைக் குறைக்கும் வகை, அதுவும் மயக்கத்துக்குத் துணை போயிருக்கும் என்றார். பயணத்துக்கு முன் நான் கையெழுத்துப் போட்ட படிவத்தில் உடல் எடையும் இதய நோய் உண்டா என்பதும் மட்டுமே கேட்டிருந்தார்கள். மாத்திரை பற்றி ஒரு கேள்வி இல்லை.

காப்பீடு போக என் கைப்பணம்: அவசர சிகிச்சைக்கு 1,840 டாலர், எம்ஆர்ஐ, இஇஜி இரண்டுக்கும் 1,100, இதய மருத்துவருக்கு 260, வாடகைக் காருக்கும் ரயிலுக்கும் 900-ஐ ஒட்டி. உரிமம் ரத்தாகவில்லை. படிவத்தோடு தொலைபேசி விசாரணையில் முடிந்தது, ஆனால் அதற்குக் கோடை வந்துவிட்டது.

ஆகவே போகிறவர்கள் பணம் கட்டும் முன் தொலைபேசியில் கேளுங்கள்: அதிகபட்சம் எத்தனை ஜி இழுப்பீர்கள், அதை நான் சொல்லும் அளவோடு நிறுத்துவீர்களா, மூச்சுப் பயிற்சி தரையில் சொல்லித் தருவீர்களா, தலைகீழாகப் பறந்த உடனே இழுப்பீர்களா. தயங்கிப் பதில் சொன்னால் வேறு இடம் பாருங்கள். முதல் முறை என்றால் மூன்றரை, நான்கு ஜி போதும். அதிலேயே எல்லா அனுபவமும் கிடைத்துவிடும். முந்தின நாள் நன்றாகத் தூங்குங்கள், மது வேண்டாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள். இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லியோ ரொட்டியோ சாப்பிட்டால் வாந்தி வந்துவிடாது, வெறும் வயிறும் வறண்ட உடம்பும் ஜி-யைத் தாங்காது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகி எழுந்த வாரத்தில் போக வேண்டாம், தேதியை மாற்றுங்கள். தினமும் போடும் மாத்திரையின் பெயரை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பார்வை ஓரத்தில் நிறம் போகத் தொடங்கினால் பேச முயலாமல் காட்ட ஒரு கை சைகையை முன்பே பேசி வையுங்கள், கையைத் தூக்க முடியாது என்பதால் விரலை ஆட்டுவது மாதிரி. ஆனால் பயணி முன்னால் இருப்பதால் விமானிக்கு விரல் தெரியாது. அதனால் கேமரா திரை பின்னால் இருக்கிறதா, ஒரே எழுத்துச் சத்தம் போதுமா என்று அவரிடமே முடிவு செய்துகொள்ளுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள், திரும்பும்போது அவர் காரை ஓட்டட்டும்.

மயங்கிவிட்டால் இறங்கியதும் ஜி காட்டும் கருவியைப் படம் எடுங்கள். உச்ச அளவைப் பிடித்து வைக்கும் இன்னொரு முள் அதில் இருக்கும். என்னுடையது ஆறை ஒட்டி நின்றது. காணொளிக்கு 95 டாலர் கேட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரத்தான் நினைத்தேன், கடைசி நிமிடத்தில் வாங்கினேன். மூளைப் படங்கள் எல்லாம் சொல்லாததை அதுதான் சொன்னது. விமானியிடம் நடந்ததை இரண்டு வரி எழுதி வாங்குங்கள். மருத்துவமனையில் முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: “சாகச விமானத்தில் ஆறு ஜி விசையில் மயங்கினேன், ஜி குறைந்ததும் தெளிந்தேன்.” கை இழுத்ததை மறைக்க வேண்டாம், ஆனால் இதைச் சொன்ன பிறகு சொல்லுங்கள், கோப்பில் என்ன எழுதினார்கள் என்று கிளம்புவதற்கு முன்பே படித்துப் பாருங்கள்.